டிஸ்க் சரியான இடத்தில்தான் இருக்கிறது, கை ஏன் இன்னும் எரிகிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் ஆரம்பித்து வலது கை வழியாக நடுவிரல் வரை வலி இழுத்துப் பிடித்தது. ஒன்றேகால் வருஷம் மாத்திரை, கழுத்தை இழுத்துவைக்கும் டிராக்ஷன், எண்ணெய் என்று ஓட்டினேன். கடைசியில் கழுத்து எலும்பில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்த ஜவ்வை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைத்தார்கள். எட்டு மாதம் ஆகிறது. கத்தியால் குத்துகிற மாதிரி இருந்த வலி போய்விட்டது. ஆனால் முன்கை எரிச்சல், திடீர் திடீரென்று ஷாக் அடிப்பது, விரல் மரத்துப்போவது எல்லாம் அப்படியே இருக்கிறது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு விரல் மரத்து முழிப்பு வந்துவிடும். கையை உதறினால்தான் கொஞ்சம் தேவலை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு 'டிஸ்க் கரெக்டா இருக்கு, பிரச்சினை ஒண்ணும் இல்லை' என்கிறார்கள். நரம்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அடிமையாகிவிடுவேனோ என்ற பயத்தில் வலி அதிகமானால் மட்டும் போடுகிறேன். தாங்க முடியாத நாளில் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி. சர்க்கரைக்கு ஆறு வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆபரேஷன் தோல்வியா? இன்னொரு முறை செய்ய வேண்டுமா? வீட்டில் 'அப்பவே வேண்டாம்னு சொன்னோம்' என்று குத்திக் காட்டுகிறார்கள். ஒரு வைத்தியர் கழுத்தைத் தட்டிச் சரிசெய்துவிடலாம் என்கிறார். போகட்டுமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். போகாதீர்கள். கழுத்துக்குள் செயற்கை டிஸ்க் இருக்கிறவர் கழுத்தைத் தட்டவோ, திருகவோ, நெட்டி முறிக்கவோ யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'டக்'கென்று ஒரு திருப்பு திருப்புவார்களே, அதையும் உட்கார்ந்தவுடனேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் செய்யாதவர்களுக்குக்கூட அந்தத் திருப்பில் மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு.

அடுத்து, ஆபரேஷன் தோல்வியா என்ற கேள்வி. உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இல்லை. குத்துகிற வலி போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ஜவ்வை எடுப்பதுதான் அந்த ஆபரேஷனின் வேலை. அது நடந்திருக்கிறது. நசுங்கிக் கிடந்த நரம்பை ஆற வைப்பது ஆபரேஷன் கத்தியின் கையில் இல்லை. வயல் மோட்டாருக்குப் போகிற ஒயர் மேல் ஒரு பாறாங்கல் ஒன்றேகால் வருஷம் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டிவிட்டாலும், அடியில் உறை நைந்துபோன இடம் கொஞ்ச நாளைக்கு ஷாக் அடிக்கத்தான் செய்யும். நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. அது நைந்த இடத்தில் நரம்பு தானாகவே சமிக்ஞை அனுப்பும். தொட்டால் எரியும், தொடாமலும் எரியும். இதைத்தான் நரம்பு வலி என்கிறோம். மூட்டு வலி, தசை வலி எல்லாம் வேறு வகை. அவற்றின் மாத்திரை இதைத் தொடாது.

ஆறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும்? நரம்பு இழை உள்ளேயே அறுந்து திரும்ப வளர வேண்டியிருந்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து நடுவிரல் நுனி வரை எவ்வளவு தூரம் என்று ஒரு டேப் வைத்துப் பாருங்கள், புரியும். நல்லவேளையாக எல்லா இழையும் அறுவதில்லை. பல இழைகளில் உறை மட்டும் பழுதாகியிருக்கும், அது சீக்கிரம் சரியாகும். பொதுவாக முதலில் கை வலி குறையும், அப்புறம் பலம் வரும், மரத்துப்போவது கடைசியில்தான் போகும். ஒன்றரை, இரண்டு வருஷம் வரை முன்னேற்றம் இருந்துகொண்டே இருக்கலாம். எட்டு மாதத்தில் விரல் மரத்திருப்பதை மட்டும் வைத்துக் கணக்கை மூடிவிட முடியாது. ஆனால் ஒன்றேகால் வருஷம் அழுத்தத்தில் இருந்த நரம்பில் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 'காலம் ஆகும், பொறுத்திருங்கள்' என்று சொல்லி இதோடு முடித்திருப்பேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. ராத்திரி விரல் மரத்து முழிப்பு வருகிறது, கையை உதறினால் தேவலை என்கிறீர்கள். அது கழுத்து நரம்பின் பேச்சு மாதிரி இல்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் நோயாளிகள் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் சொல்வார்கள்.

கொஞ்சம் விளக்குகிறேன். கழுத்தில் எலும்பு 7, அங்கிருந்து பக்கத்துக்கு 8 நரம்பு வேர்கள் கிளம்புகின்றன. ஆறாவது, ஏழாவது எலும்புக்கு நடுவில் வெளியே வருவது ஏழாவது வேர். அது நடுவிரல் உணர்ச்சிக்கும், முழங்கையை நீட்டுகிற தசைக்கும் போகிறது. உங்கள் ஆபரேஷன் அந்த வேருக்காக நடந்தது. அதே வேரிலிருந்து வருகிற இழைகளில் ஒரு பகுதி கை வழியாக இறங்கி, மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதைக்குள் நுழைந்து விரல்களுக்குப் போகிறது. அந்தப் பாதை இறுகினாலும் நடுவிரல்தான் மரக்கும். அதாவது ஒரே விரல் மரத்துப்போக இரண்டு இடங்கள் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மேலே ஓரிடத்தில் அழுந்திய நரம்பு கீழே இன்னோர் இடத்தில் சுலபமாகப் பாதிக்கப்படும் என்று 1973-ல் அப்டன், மக்கோமாஸ் என்ற இருவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணம் முழுக்கச் சரியா என்பதில் இன்றும் வாதம் உண்டு. இரண்டு இடத்திலும் அழுத்தம் உள்ள நோயாளிகள் வருகிறார்கள் என்பதில் வாதம் இல்லை.

உங்களுக்கு அதற்கான காரணங்களும் வரிசையாக இருக்கின்றன. சர்க்கரை நோய் ஒன்று. பல வருஷமாக அதிர்கிற கட்டிங் மெஷினை இறுக்கிப் பிடித்து, அடுக்கிய துணி (லே) மேல் ஓட்டுகிற வேலை இன்னொன்று. கழுத்து ஜவ்வு ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்தபோது மணிக்கட்டைப் பற்றி யாரும் யோசிக்காமல் விட்டிருக்கலாம்.

வீட்டிலேயே சிலதைக் கவனித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளின் புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்க ஆரம்பித்தால் மணிக்கட்டு மேல் சந்தேகம் கூடும். மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மட்டும் மரத்து, சுண்டுவிரலை ஒட்டிய பாதி நன்றாக இருந்தால் அதுவும் மணிக்கட்டைக் காட்டும். மாறாக, வலது உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்தால் கை வலி குறைகிறது என்றால் கழுத்து வேர் இன்னும் இழுபடுகிறது என்று யோசிக்கலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது வலது கை மட்டும் முழங்கையில் மடங்கிக்கொண்டால், அதுவும் கழுத்துப் பக்கம். இவையெல்லாம் டாக்டரிடம் சொல்வதற்கான குறிப்புகள்தான், தீர்ப்பு இல்லை. கழுத்தைப் பின்னால் சாய்த்துத் திருப்பிப் பார்க்கும் ஒரு சோதனை இணையத்தில் வருகிறது. அதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

தீர்ப்பு சொல்வது நரம்புக் கடத்தல் பரிசோதனை. மணிக்கட்டைத் தாண்டும்போது மின்துடிப்பு எவ்வளவு மெதுவாகிறது என்று அளப்பார்கள். கூடவே தசைக்குள் மெல்லிய ஊசி வைத்துக் கழுத்து வேரின் நிலைமையையும் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக ஷாக் அடிக்கும், ஊசி கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவிலும் செய்கிறார்கள், தனியாரில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. மணிக்கட்டில் அழுத்தம் இருந்தால், ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருக்கும் ஒரு பட்டை முதல் சிகிச்சை. கேட்காவிட்டால் அங்கே ஒரு ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் உள்ளங்கையில் சின்ன ஆபரேஷன். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், அதைத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் பி12 குறையும். அசிடிட்டி மாத்திரையும் தினம் போடுகிறவர், அசைவம் தொடாதவர் என்றால் இன்னும் குறையும். பி12 குறைந்தாலே கை கால் மரத்து எரியும். உங்கள் நரம்பு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நரம்பு வலிக்குப் பெரும்பாலும் கொடுக்கும் பிரெகாபலினோடு மெத்தில்கோபாலமின் என்று சேர்த்துப் போட்டிருந்தால் அது பி12-தான். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ரத்தப் பரிசோதனை செய்தால் அளவு நன்றாக இருப்பது போலத் தெரியும், அதனால் பரிசோதிக்கும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதச் சர்க்கரை சராசரி, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றையும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களில்தான் ஆரம்பிக்கும். பாதம் நன்றாக இருந்து ஒரு கை மட்டும் எரிந்தால், பழியை முழுக்கச் சர்க்கரை மேல் போட முடியாது.

இனி கழுத்துக்கு வருவோம். 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது' என்றால் டிஸ்க் நகரவில்லை, எலும்புக்குள் புதையவில்லை என்று அர்த்தம். நல்ல சேதிதான். ஆனால் நரம்பு வெளியே வருகிற துவாரத்தில் பழைய எலும்பு முள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. டிஸ்க் மாற்று ஆபரேஷனில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1950-களிலிருந்து செய்துவரும் பழைய முறையில் ஜவ்வை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவைப்பார்கள். அங்கே அசைவே நின்றுவிடுவதால் சின்ன மிச்சம் பெரிதாக உறுத்தாது. செயற்கை டிஸ்க் வைப்பதே அசைவைக் காப்பாற்றத்தான். அமெரிக்காவில் கழுத்துக்கான முதல் செயற்கை டிஸ்க்குக்கு 2007-ல் அனுமதி கிடைத்தது. அசைவு இருக்கிற இடத்தில் மிச்சமிருக்கும் முள், ஒவ்வொரு முறை கழுத்தைத் திருப்பும்போதும் நரம்பை உரசலாம். அதனால்தான் வலி நீடித்தால் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே, அப்புறம் ஒரு சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு சிக்கல் உண்டு. கோபால்ட் குரோமியம் கலந்த டிஸ்க் என்றால் அதைச் சுற்றிப் படம் கலங்கிப்போகும். டைட்டானியம் என்றால் கலங்கல் குறைவு. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ பில்லிலோ இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் டிஸ்க்கின் பெயரும் அளவும் இருக்கும். போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டரில் முதல் கேள்வியே அதுதான்.

திரும்ப ஆபரேஷனா? என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எரிச்சல் இருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டாவது ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். வலி போகிற பாதை, தசையில் தெரியும் பலக்குறைவு, ஸ்கேனில் தெரியும் அழுத்தம் மூன்றும் ஒரே நரம்பு வேரைக் காட்டினால் அதைப் பற்றிப் பேசலாம். முள் மிச்சமிருந்தால் கழுத்தின் பின்பக்கமாகத் துவாரத்தை மட்டும் அகலப்படுத்தும் சின்ன ஆபரேஷன்கூட உண்டு, டிஸ்க்கைத் தொடவே வேண்டியதில்லை. மூன்றும் பொருந்தாமல், 'எதற்கும் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த வேர் என்ற சந்தேகம் தீராதபோது அந்த ஒரு வேருக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். கழுத்தில் இந்த ஊசி எல்லோரும் போடுகிற ஊசி இல்லை. மரப்பு மருந்தோடு துகள் கலந்த ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துப் போட்டு, அது தவறிப்போய் ரத்தக்குழாயில் இறங்கினால் தண்டுவடத்துக்கோ மூளைக்கோ ஆபத்து. முதுகெலும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியின் அரிதான, ஆனால் கடுமையான விளைவுகளைப் பற்றி 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. படம் பார்த்துக்கொண்டே போடுகிற, இதில் பழகிய டாக்டரிடம் மட்டும்தான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பட்டன் போட முடியாமல் விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் பின்னுவது, குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகக் கீழே வரை கரண்ட் பாய்வது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, கையிலோ காலிலோ புதிதாகப் பலம் குறைவது. இவை தண்டுவடம் அழுந்துவதன் அடையாளம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு கழுத்து வலி கூடினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தாலும் அப்படியே.

மாத்திரை விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. பிரெகாபலினை வலி வந்தால் மட்டும் போடுவது என்பது பின்விளைவை மட்டும் வாங்கிக்கொண்டு பலனை விட்டுவிடுவது. அது தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் வேலை செய்கிற சரக்கு இல்லை. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், தினமும் சில வாரமாவது எடுத்தால்தான் அது உங்களுக்கு உதவுகிறதா இல்லையா என்றே தெரியும். குடிக்கு அடிமையாவது போல இதற்கு அடிமையாவது, டாக்டர் சொன்ன அளவில் எடுக்கிற பெரும்பாலானோருக்கு நடப்பதில்லை. ஆனால் தாங்களாகவே அளவைக் கூட்டிக்கொண்டு மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. குடியோடும் தூக்க மாத்திரையோடும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மருந்தோடும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். நிறுத்துவதென்றால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தலைசுற்றல், தூக்கக் கலக்கம், எடை கூடுவது, கணுக்கால் வீக்கம் வரலாம். சிறுநீரகம் சரியாக இல்லையென்றால் அளவைக் குறைக்க வேண்டும், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னது அதற்காகவும்தான். முக்கியமாக, நீங்கள் கட்டிங் மெஷினில் நிற்கிறவர். புது மாத்திரையோ புது அளவோ ஆரம்பித்தால் அடுத்த நாள் லீவாக இருக்கும்படி, ராத்திரியில் ஆரம்பியுங்கள். கலக்கம் தெளியும் வரை பைக்கையும் மெஷினையும் தொட வேண்டாம்.

இந்த மருந்துகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த ஒரு பெரிய அலசலில், அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறக்குறைய 4 பேருக்குக் கொடுத்தால், பிரெகாபலினை ஏறக்குறைய 8 பேருக்குக் கொடுத்தால், மருந்தாலேயே வலி பாதியாகக் குறைந்த ஒருவர் கிடைக்கிறார் என்று கணக்குப் போட்டார்கள். ஆகவே முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால் மனம் விட்டுவிட வேண்டாம், அது வழக்கம்தான். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரியில் ஆரம்பித்தால் தூக்கத்துக்கும் உதவும். வாய் உலரும், கண் அழுத்த நோய், இதயக் கோளாறு, புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆகாது. டுலாக்ஸெட்டின் சர்க்கரையால் வரும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற மருந்து என்பதால் உங்கள் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். இவை மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரைகள்தான். மெடிக்கல் ஷாப்பில் யாராவது 'இது மனநல மாத்திரை ஆச்சே' என்றால் பதறாதீர்கள். தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞையைத் தணிப்பதற்காகத்தான் உங்களுக்குத் தருகிறார்கள்.

அந்தப் பக்கத்து கிளினிக் ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகையாகத்தான் இருக்கும். வீக்கத்தால் வரும் வலிக்கு நல்ல மருந்து, நரம்பு வலிக்குப் பிரயோஜனம் மிகக் குறைவு. சர்க்கரை உள்ளவர் அதை அடிக்கடி போட்டுக்கொண்டால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. ஊசியே வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. இங்கே நான் அடிக்கடி பார்ப்பது ஒரு சுழற்சி. கொஞ்சம் தேவலையான நாள் வந்ததும் தேங்கிக் கிடந்த வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்வது, அதன் பலனாக மூன்று நாள் படுப்பது, அப்புறம் பயந்து அசையாமலே இருப்பது. அதற்குப் பதில் வலி கூடாத அளவு எது என்று பார்த்து, நல்ல நாளிலும் அதோடு நிறுத்துங்கள், மோசமான நாளிலும் அதை விட்டுவிடாமல் செய்யுங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். நடைப்பயிற்சியில் ஆரம்பிப்பது சுலபம். கழுத்துக்கு, தாடையை லேசாக உள்ளிழுத்து முன்பக்க ஆழ்தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி, தோள்பட்டைப் பயிற்சி, நரம்பு அதன் பாதையில் மெல்ல நழுவிப்போக உதவும் கை அசைவுகள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். நரம்புப் பயிற்சியை விறைப்பாக இழுத்துச் செய்யக் கூடாது, செய்து முடித்த பிறகு எரிச்சல் நீண்ட நேரம் நின்றால் அது அளவுக்கு மீறியது. டிராக்ஷனை ஆபரேஷன் செய்தவரின் அனுமதி இல்லாமல் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். மரத்த கையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது சூட்டை இடது கையால் பாருங்கள். வலது கைக்குச் சூடு தெரியாமல் கொப்பளித்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கவலை கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் தடை சொல்லவில்லை என்றால், இந்த வலியோடு வேலைக்குப் போவதால் கழுத்து நரம்பு கெட்டுப்போகாது. மேஜை இடுப்புக்கும் கீழே இருந்தால் நாள் முழுக்கக் கழுத்து தொங்கிக்கொண்டே இருக்கும். உயரத்தை ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். மெஷினைத் தொடர்ந்து பிடிக்காமல் மார்க்கர் போடுவது (துணி மேல் வெட்டும் வடிவங்களை அடுக்கி வரைவது), அளவு சரிபார்ப்பது என்று நடுநடுவே வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டிங் மாஸ்டர் என்பதால் அந்தச் சௌகரியம் உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கும். உணர்ச்சி குறைந்த விரலோடு பிளேடு பக்கத்தில் நிற்கிறீர்கள், இரும்பு வலைக் கையுறையை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். துணி ரோலை ஒற்றைத் தோளில் தூக்குவதை இனி பையன்களிடம் விட்டுவிடலாம்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூங்காத இரவுக்கு மறுநாள் வலி கூடுவது கற்பனை இல்லை. தூக்கம் குறைந்தால் உடம்பு வலியை அடக்கிவைக்கும் திறனும் குறைகிறது. இரண்டு தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் ஒன்றாக்குங்கள். வலது கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். மணிக்கட்டுப் பட்டை அழுத்தத்தைக் குறைத்து அந்த மூன்று மணி முழிப்பை நிறுத்தினாலே பாதி வலி குறைந்த மாதிரி இருக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் சொல்வது உங்களை எரிச்சலைவிட அதிகமாக எரிக்கிறது என்று நினைக்கிறேன். கட்டு இல்லை, வீக்கம் இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது, வெளியே பார்த்தால் கை நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு நம்புவது கஷ்டம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியையோ வீட்டில் அதிகம் பேசுகிற ஆளையோ கூட அழைத்துப்போங்கள். ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி என்பது நோய்களின் சர்வதேசப் பட்டியலில் தனிப் பெயரோடு இருக்கிற ஒன்று. அதை டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சு கொஞ்சம் மாறும். உங்களுக்கே எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாட்டில் விருப்பமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு வலியைக் கூட்டும், வலி மனச்சோர்வைக் கூட்டும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் கேட்காதவர்களுக்குத் தண்டுவடத்தின் அருகே மெல்லிய மின்கம்பி வைத்து வலிச் சமிக்ஞையை மட்டுப்படுத்தும் கருவி இருக்கிறது. 1967 முதலே இந்த முறை உண்டு. விலை பல லட்சம். உங்கள் நிலைமையில் இப்போது அதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம்.

அடுத்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ., ஸ்டிக்கர் படம், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நரம்பியல் டாக்டரையோ வலி சிகிச்சை டாக்டரையோ பாருங்கள். ரத்தப் பரிசோதனையும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் முதலில் நடக்கட்டும், சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்பதை அதற்கப்புறம் அவர் முடிவு செய்வார். மணிக்கட்டுப் பட்டைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே வாங்கி ராத்திரி கட்டிக்கொண்டு படுங்கள், விரல் வரை விறைக்காத அளவுக்குத் தளர்வாக. பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.